வேருக்காகக் கட்டிய தோட்டங்கள்: செக் நாட்டில் ஐந்து நாட்கள்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மே மாதம் செக் நாட்டில் ஐந்து நாட்கள் சுற்றியபோது எடுத்த காட்சிகளை இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன். ப்ராக் நகரத்துக் கோட்டையும் ஆற்றுப் பாலமும் இதில் வராது. நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு சிறிய பேருந்தை அமர்த்திக்கொண்டு, ஊர் ஊராகப் போய், பெரும்பாலும் வீடுகளின் பின்புறத்தில் தனியார் வளர்க்கும் பாறைத் தோட்டங்களையே பார்த்தோம். எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒரு தபால்காரர் இருந்தார், ஒரு பல் மருத்துவர் இருந்தார். எல்லோரும் பிரிட்டனில் வசிப்பவர்கள். உயர்மலைச் செடிகளின் மேல் உள்ள பற்று ஒன்றுதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

தோட்டக்காரர்களின் பெயரையோ அவர்கள் இருக்கும் ஊரையோ நான் சொல்லப்போவதில்லை. அரிய செடிகள் உள்ள இடம் வெளியே தெரிந்தால் இரவில் திருடு போகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆகவே முகங்களும் வீட்டு முகப்புகளும் இல்லாமல், கல்லும் செடியும் கைகளும் மட்டுமே திரையில் வரும்.

முதலில் செடியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கு மேலே, பாறையும் சரளையும் காற்றும் பனியும் மட்டுமே உள்ள இடத்தில் வளர்பவற்றைத்தான் ஆல்பைன் செடிகள் என்கிறோம். சாக்ஸிஃப்ராகா, ஆண்ட்ரோசேஸ், ட்ராபா, ஜென்ஷியன் என்று அவற்றின் பட்டியல் பெரியது. காற்றுக்குத் தலைகொடுக்காமல், இலைகளை நெருக்கி அடுக்கி, சிறு மெத்தையைப் போலத் தரையோடு ஒட்டிக் கிடப்பவை அவற்றில் பல. உள்ளங்கையில் அடங்கும் மெத்தைக்குக் கீழே முழங்கை நீளத்துக்கும் மேலாக வேர் இறங்கியிருப்பது சாதாரணம்.

இவற்றைத் தாழ்நிலத்தில் வளர்ப்பவர்கள் எதற்கு அஞ்ச வேண்டும் என்று கேட்டால், புதிதாக வருபவர்கள் குளிர் என்றே பதில் சொல்வார்கள். குளிர் இவற்றை ஒன்றும் செய்யாது. மலையில் குளிர்காலம் முழுவதும் கனத்த பனிப்போர்வைக்கு அடியில், ஈரம் தேங்காமல், இவை உறங்கிக் கிடக்கின்றன. நான் வசிக்கும் லீட்ஸ் நகரத்திலோ நவம்பரில் தொடங்கும் தூறல் மார்ச் வரை விடுவதில்லை. அந்த ஈரம் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் தங்கினால் பத்து ஆண்டு வளர்ந்த மெத்தையும் பத்து நாளில் அழுகிப் பழுப்பாகிவிடும். நானே அப்படி ஒரு ஆண்ட்ரோசேஸை இழந்திருக்கிறேன். வேருக்கு ஈரமும் வேண்டும், கழுத்துக்கு உலர்ச்சியும் வேண்டும் என்ற இந்த இரண்டு தேவைகளையும் ஒரே இடத்தில் எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் பாறைத் தோட்டக் கலையின் முழுச் சிக்கலும்.

இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது அந்தச் சிக்கலுக்குச் செக் நாட்டுக்காரர்கள் கண்ட விடை. பட்டையான கற்பலகைகளைப் படுக்க வைக்காமல், புத்தக அலமாரியில் நூல்களை நிறுத்துவது போலச் செங்குத்தாக நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கு பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். மணலும் பொடிச்சரளையும் சிறிது மண்ணும் கலந்து அந்த இடுக்கை நிரப்புகிறார்கள். மழைநீர் மேலே நிற்காமல் உடனே கீழே இறங்கிவிடுகிறது. ஆழத்தில் கல்லின் குளிர்ந்த முகத்தை ஒட்டிக் கோடையிலும் ஈரம் காயாமல் இருக்கிறது. வேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழே போகிறது, கழுத்து மேலே கல்லின் விளிம்பில் உலர்ந்து நிற்கிறது. இடுக்குத் தோட்டம் என்று நான் இதைத் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். இந்த முறையைப் பிரிட்டனுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்த் தம் கையாலேயே கட்டிக்காட்டியவர்களில் முதன்மையானவர் ஸ்தெனெக் ஸ்வோலானெக் என்ற செக் தோட்டக்கலைஞர்.

செக் மொழியில் ஸ்கல்கா என்ற சொல்லுக்குச் சிறு பாறை என்றும் பொருள், பாறைத் தோட்டம் என்றும் பொருள். ப்ராக் நகரின் நடுவே ஸ்கல்கா என்ற பெயர் கொண்ட ஒரு குன்றின் மேல் பரோக் பாணித் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோட்டத்தில்தான் ப்ராக் பாறைத் தோட்டக் கழகத்தார் நெடுங்காலமாகத் தங்கள் வசந்தகாலக் கண்காட்சியை நடத்திவருகிறார்கள். முதல் நாள் காலை அங்கே போனோம். டிராம் வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து படியேறினால், சட்டிச் சட்டியாக ஆல்பைன் செடிகளை விற்பனைக்கு வைத்துக்கொண்டு முதியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவராலும் ஒரு சட்டிகூட வாங்க முடியவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, நடவுக்கான செடிகளைப் பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. இரண்டு, மூன்று சட்டிகளுக்காக அந்தச் சான்றிதழைப் பெறுவது நடைமுறையில் முடிகிற காரியமில்லை. நோய்களும் பூச்சிகளும் பரவாமல் தடுக்கும் விதி தேவைதான் என்று நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல ஆண்டுகளாகத் தேடிய ஒரு டாஃப்னி ஆர்புஸ்குலா கைக்கெட்டும் தூரத்தில் மொட்டுவிட்டு நிற்க, அதை விட்டுவிட்டு வந்தது இன்றும் மனத்தை வருத்துகிறது. அந்தச் சிறு புதர் உலகிலேயே ஸ்லோவாக்கியாவின் முரான் பீடபூமியில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது.

ப்ரூஹோனிட்ஸே பூங்காவுக்கும் போனோம். ஆர்னோஷ்ட் சில்வா-தரௌக்கா என்ற பிரபு 1885இல் உருவாக்கத் தொடங்கிய பெரிய பூங்கா அது. அழகான இடம்தான், ஆனால் என் மனம் அங்கே ஒட்டவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துச் செடியின் பெயரைத் தெரிந்துகொள்ளலாம், அது ஏன் இந்த இடுக்கில் இருக்கிறது, அடுத்த இடுக்கில் ஏன் இல்லை என்று பெயர்ப்பலகையிடம் கேட்க முடியாது. தனியார் தோட்டத்தில் அதைக் கேட்கலாம். கல்லை நிறுத்திய கையே பக்கத்தில் நின்று பதில் சொல்கிறது.

மூன்றாம் நாள் பார்த்த தோட்டத்தைச் சற்று நிதானமாகக் காட்டுகிறேன். எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் தனியாளாகக் கட்டியது இது. கல்லின் பெயர் ஒபுகா. ப்ராகின் மிகப் பழைய ரோமானெஸ்க் கட்டடங்கள் பலவற்றில் பயன்பட்ட அதே வெளிர்மஞ்சள் அடுக்குக் கல். பலகைகள் எல்லாம் ஒரே திசையில் ஒரே சாய்வில் நிற்பதைக் கவனியுங்கள். நிலத்துக்குள்ளிருந்து ஒரே பாறை வெடித்து வெளியே வந்தது போன்ற தோற்றம் அதனால்தான் கிடைக்கிறது. வெயில் நேராக விழும் தெற்கு முகத்தில் முள்மெத்தை போன்ற அகாந்தோலிமான் செடிகளை வைத்திருக்கிறார். வடக்கு முகத்தின் நிழலிடுக்குகளில் ரமோண்டா இருக்கிறது. பால்கன் மலைகளைச் சேர்ந்த அந்தச் செடி, முற்றிலும் காய்ந்து சருகான பிறகும் தண்ணீர் பட்டால் மீண்டும் பச்சை பிடிக்கும் இயல்புடையது. இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள தூரம் என் இரண்டு கை அகலம்தான். ஆனால் செடிகளுக்கு அவை இரண்டு வெவ்வேறு நாடுகள்.

நடுவது எப்படி என்று அவரிடம் கேட்டோம். வாயால் விளக்காமல் செய்தே காட்டினார். ஒரு சிறு சட்டியிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுள்ள சாக்ஸிஃப்ராகா நாற்றை எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வேரில் ஒட்டியிருந்த சட்டிமண் முழுவதையும் கழுவிவிட்டார். கழுவாமல் நட்டால் வேர் அந்தப் பழைய மண்ணுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இடுக்குக்குள் இறங்காது என்பது அவர் சொன்ன காரணம். பிறகு பழைய சமையலறைக் கத்தி ஒன்றால் இடுக்கைக் கிளறி, ஈர நூல் போலிருந்த வேரைக் கத்தி முனையாலேயே கீழே தள்ளி நேராகத் தொங்கவிட்டார். தேக்கரண்டியால் மணலைச் சிறிது சிறிதாகப் போட்டார். கடைசியில் நாற்றின் இரண்டு பக்கமும் கல் சில்லுகளை ஆப்பு அடிப்பது போல இறுக்கிச் செருகினார். மொத்தமும் நான்கு நிமிடம் ஆயிருக்கும். அதுவரை எங்களில் ஒருவரும் பேசவில்லை.

அந்தத் தோட்டத்தில்தான் என்னால் ஒரு தவறும் நேர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் முதுகுப்பையைக் கழற்றி வாயிலிலேயே வைத்துவிட வேண்டும், படம் எடுக்கும்போது பின்னால் பார்க்காமல் அடிவைக்கக் கூடாது என்பவை எழுதப்படாத விதிகள். பையைக் கழற்றினேன்; கேமராவின் தோள்வாரை மறந்தேன். குனிந்தபோது வார் ஒரு சாக்ஸிஃப்ராகா மெத்தையின் ஓரத்தை இழுத்து, பட்டாணி அளவுள்ள இரண்டு துணுக்குகள் பிய்ந்து விழுந்தன. எனக்குப் பேச்சே வரவில்லை. பெரியவர் அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, அடியில் காய்ந்திருந்த இலைகளை நகத்தால் உரித்து, ஒரு துஃபா கல்லில் ஏற்கெனவே துளைத்திருந்த குழிகளில் மணலோடு செருகி, விரலால் அழுத்தினார். துஃபா என்பது நுண்துளைகள் நிறைந்த மென்மையான சுண்ணாம்புக் கல். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேரும் அதற்குள் நுழையும். அவருடைய சேகரிப்பில் பாதி இப்படி முறிந்த துணுக்குகளிலிருந்தே வந்தது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக எனக்குச் சொன்னார்.

மற்றத் தோட்டங்களை விரைவாகக் காட்டிவிடுகிறேன். இது பன்றிகளுக்குத் தீனி வைத்த பழைய கல்தொட்டி, இப்போது இதற்குள் ஒரு சிறு மலையே இருக்கிறது. இந்தக் கண்ணாடித் தகடுகள் குளிர்காலத்தில் செடியின் தலைக்கு மேல் மழையை மறைப்பவை. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தடையின்றிப் போய்வரும்.

செடி கொண்டுவர முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு விதைதான் வழி. 1929இல் தொடங்கிய ஆல்பைன் கார்டன் சொசைட்டியும் 1933இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப்பும், உறுப்பினர்கள் தங்கள் தோட்டத்தில் சேகரித்து அனுப்பும் விதைகளை ஒவ்வோர் ஆண்டும் பட்டியலிட்டு உறுப்பினர்களுக்கே பகிர்ந்தளிக்கின்றன. பல விதைகளுக்குக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும் என்பதால், விதைத்த சட்டியை வீட்டுக்குள் வைக்காமல் குளிர்காலத்தில் வெளியிலேயே விட்டுவிட வேண்டும். சில முதல் வசந்தத்தில் முளைக்கும், சில இரண்டாம் வசந்தம் வரை காக்க வைக்கும். அவசரப்பட்டுச் சட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

இதோ, இது லீட்ஸில் என் வீட்டு வாசல். ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் இந்தத் தொட்டியில் யார்க்‌ஷயர் மணற்கல் பலகைகள் பதினொன்றை நிறுத்தினேன். முதல்முறை சாய்வு பலகைக்குப் பலகை மாறிப்போனதால் எல்லாவற்றையும் பிடுங்கி மீண்டும் அடுக்கினேன். ஆறு நாற்றுகள் இருக்கின்றன, எல்லாவற்றின் வேரையும் கழுவித்தான் நட்டேன். அவற்றில் இந்த ட்ராபா மட்டும் புதிய இலை விட்டிருக்கிறது. மற்ற ஐந்தும் மேலே அசையவே இல்லை; கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது குளிர்காலம் முடிந்த பிறகுதான் தெரியும். மார்ச் மாதம் இதே தொட்டியை உங்களுக்கு மீண்டும் காட்டுகிறேன்.