வயலுக்கு அடியில் ஒரு கடல்

நேயர்களுக்கு வணக்கம்.

புதைபடிவம், அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சம், என்றால் நம் டெல்டாக்காரர்கள் அரியலூர்ப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். ‘நம்மூரில் என்ன இருக்கு, வெறும் வண்டல்தானே’ என்பார்கள். பாதி சரி. தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் காவிரி கொண்டுவந்து போட்ட மேல்மண், பூமியின் கணக்கில் நேற்று வந்தது. அதற்குக் கீழே வெகு ஆழத்தில், அரியலூரில் வெயிலில் காய்கிற அதே, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துப் பாறைகள் கிடக்கின்றன. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்த கோண்ட்வானா நிலம் பிளந்தபோது நம் கிழக்கு ஓரம் தாழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. அப்படித் தாழ்ந்த பள்ளத்தில் வண்டல் சேர்ந்து உண்டானதுதான் படுகை. அதன் மேற்கு விளிம்பு அரியலூர்ப் பக்கம் வெளியே தெரிகிறது. நாம் உழுகிற பகுதி அமிழ்ந்துவிட்டது. நாகை மாவட்டம் நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இதே படுகையில்தான்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர். அங்கே மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கற்கள் சிதறிக் கிடக்கும். ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும். குறுக்கே உடைந்த துண்டைப் பாருங்கள்: நடுவிலிருந்து நாலாபுறமும் மெல்லிய கோடுகள் ஓடும். இதன் பெயர் பெலம்னைட். ஒரு கடல் பிராணியின் வால்பக்கத்தில், உடம்புக்குள் இருந்த உறுப்பு இது. நாகை மீன் சந்தையில் கணவாய் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், அதைக் கழுவும்போது எடுத்துப் போடுகிறோமே வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில்கூட கடல்நுரை என்று கொடுப்பார்கள், அந்த வம்சம்தான் இதுவும். இந்தப் பாறைகளில் கிடைக்கிற இன்னொரு படிவம் அம்மோனைட்; நத்தைபோல் சுருண்டிருந்தாலும் அதுவும் நத்தையில்லை, கணவாய்க்கு உறவுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை அழித்த பேரழிவில் அம்மோனைட் குலமும் முடிந்தது. கணவாய் தப்பித்துக்கொண்டது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியில் ‘டைனோசர் முட்டை’ கிடைத்ததாக வாட்ஸ்ஆப் முழுக்க ஒரே பேச்சு. போய்ப் பார்த்த நிபுணர்கள், அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். ஏமாற்றம்தான். எனக்கென்னவோ அம்மோனைட்டே மேல் என்று படுகிறது.

அப்புறம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டது; 18 மீட்டர் நீளம். கரையில் வளர்ந்த மரம் கடலுக்குள் அடித்துவரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது.

அரியலூர் வட்டாரச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள்தான். அதை வெட்டித்தான் சிமெண்ட் ஆக்குகிறார்கள். சுரங்கம் தோண்டியதால் வெளிவந்த படிவங்களும் உண்டு, அரைத்துத் தொலைத்தவையும் உண்டு. வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நம் கடலோரத்துக்கும் சின்னதாக ஒரு சரித்திரம் உண்டு. வேதாரண்யம் பக்கம் வரிசையாகப் போகிற மணல் மேடுகள், கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன பழைய கரைகள். வயதில் சில ஆயிரம் ஆண்டுகள்தான். உங்கள் கொல்லையில் போர் போடும்போது சிப்பி, கிளிஞ்சல் வந்தால் மண்ணோடு கொட்டிவிடாதீர்கள். எத்தனை அடியில் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, சிப்பியோடு சேர்த்துப் பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறையில் கொடுங்கள். ஆழம் தெரியாத சிப்பியால் அவர்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை.