முகவரி எங்கேயோ, வார்டு அங்கே

பெரியோர்களே, தாய்மார்களே, முதல் ஓட்டுப் போடக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மாநகராட்சித் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க எந்த ஆபீசில் படிவம் வாங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி ஒரு படிவமே கிடையாது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பது இல்லை. சட்டமன்றத் தொகுதிக்காக இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கொண்டு, தெருவாரியாகப் பிரித்து, வார்டுவாரியாக அடுக்கி வெளியிடுகிறது. அங்கே பெயர் இல்லையென்றால் இங்கேயும் இல்லை. அங்கே முகவரி தவறென்றால் இங்கே வார்டே தவறிப்போகும்.

இந்த இரண்டாவது சங்கதிதான் யாருக்கும் உறைப்பதில்லை. நம்முடைய 184-ஆம் எண் காரைக்குடித் தொகுதி இந்த ஊரோடு முடிவதில்லை; தேவகோட்டை நகராட்சியும் அதற்குள்தான் வருகிறது. செக்காலையிலிருந்து கழனிவாசலுக்குக் குடிபோனவர் பழைய முகவரியை மாற்றாமலே விட்டால், சட்டமன்றத் தேர்தலில் அவருக்குப் பெரிய நட்டமில்லை. பழைய பள்ளிக்கூடத்துக்கே போய் அதே வேட்பாளர்களில் ஒருவருக்குப் போட்டுவிட்டு வரலாம். வார்டுத் தேர்தலில் அப்படியில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் போய் நிற்பது கழனிவாசல் கவுன்சிலர் வீட்டில். ஓட்டுப் போட்டது செக்காலைக்காரருக்கு. தேவகோட்டையிலிருந்து இங்கே வந்து குடியேறியவர் பாடு இன்னும் மோசம். வரி காரைக்குடிக்கு, ஓட்டு தேவகோட்டை நகராட்சிக்கு.

இதைச் சரிசெய்ய வேண்டிய படிவம் 8. தொகுதிக்குள் மாறினாலும், வெளியூரிலிருந்து வந்தாலும், 2022 ஆகஸ்டு முதல் இது ஒன்றுதான். பெயர்த் திருத்தம், புது வாக்காளர் அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் இதே படிவத்தில்தான், ஆனால் காரணம் ஒன்றைத்தான் டிக் செய்ய வேண்டும். வீடு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். 6 என்பது இதுவரை எங்குமே பெயர் இல்லாதவருக்கு. வேறு ஊரில் பெயர் இருக்கும்போது 6 கொடுத்தால் இரட்டைப் பதிவாகிவிடும். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், இரட்டைப் பதிவை நீக்கும்போது எந்தப் பெயரை அடிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

முகவரிச் சான்றுக்குக் கரண்டு பில், கேஸ் பில், வங்கிப் பாஸ்புக், ஆதார் இவற்றில் ஒன்று போதும். ஆதாரில் பழைய முகவரியே இருந்தால் அதை வைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்த பத்திரம் கேட்பார்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதியது செல்லாது. கதவிலக்கத்தில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஓட்டுள்ளவரின் அட்டை எண்ணையும் குறிப்பிடுங்கள். இதை விட்டால் புருஷன் பட்டியலின் ஒரு பாகத்தில், பெண்சாதி ஒரு பாகத்தில் என்று போய் விழும். தெருவின் வடசிறகு ஒரு வார்டு, தென்சிறகு ஒரு வார்டு என்று இருக்கிற இடத்தில் வார்டே பிரிந்துவிடும்.

விண்ணப்பம் போட்டதும் வருகிற குறிப்பு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பி.எல்.ஓ. என்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். நம் ஊரில் பெரிய சிக்கல் பூட்டிய வீடு. சென்னையிலும் வெளிநாட்டிலும் குடும்பத்தோடு இருந்துகொண்டு, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கிறவர்கள் இங்கே ஏராளம். சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஓட்டுரிமை வராது. வழக்கமாகக் குடியிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் வேலையாக நாலு மாதம் வெளியூர் போனவரின் குடியிருப்பு அதனால் அற்றுப்போவதும் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவருக்குப் படிவம் 6ஏ உண்டு. ஓட்டுப் போட அவர் நேரில்தான் வர வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ பதியலாம். இரண்டிலும் கூடாது.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதற்குப் பெயர் சேர்க்கலாம். 17 முடிந்ததும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரி. இந்த வழியில் போகிறவர்கள் மிகக் குறைவு. மறுபடி ஒரு படிவம் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அட்டை கையில் இருப்பதை நம்பி இருக்காதீர்கள். 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. அவர்களில் உயிரோடு இருந்தவர்களிடம் அட்டை இருக்கத்தான் செய்தது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்தவர் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை இருந்து பெயர் இல்லாதவர் திரும்பி வர வேண்டியதுதான். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தோ, தேர்தல் ஆணைய இணையதளத்திலோ இன்றைக்கே பாருங்கள்.

தேர்தல் எப்போது? இப்போதைய மன்றத்தினர் பதவியேற்றது 2022 மார்ச் 2-இல். ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல் வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது இணைப்புப் பட்டியலில் வந்த சங்கராபுரம், அரியக்குடி மக்களுக்கு ஒரு வார்த்தை. 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் உங்களுக்கு நாலு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். மாநகராட்சியில் இயந்திரத்தில் ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும். 2022-இல் மாநகராட்சிகளில் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நோட்டாவும் அப்போது இல்லை. வார்டு எல்லை வரைவு வெளிவரும்போது உங்கள் தெரு எதில் விழுகிறது என்று பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கவேண்டிய நேரம் அதுதான்.

வார்டுப் பட்டியல் வந்ததும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் இரண்டும் சட்டமன்றப் பட்டியலில் இருந்ததாக இருக்காது, வாக்குச்சாவடியும் மாறலாம். சட்டமன்றப் பட்டியலில் பெயர் சரியாக இருந்து, வார்டு மட்டும் மாறி விழுந்திருந்தால் மாநகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள். சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் அவரிடம் போய்ப் பயனில்லை; படிவம் 6-ஐத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆணையருக்கான மனுவில் சட்டமன்றப் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி, ஒரே வாசலில் சரியான வார்டில் இருப்பவரின் விவரத்தையும் சேருங்கள். சொத்துவரி ரசீதில் உள்ள வார்டு எண்ணை ஆதாரமாகக் காட்ட வேண்டாம், அது பழைய எண்ணாக இருக்கலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.