'சாப்பிட்டிருக்கிறேன்': ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

[திரையில்: எ கொமீதோ]

'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'சாப்பிட்டு' அப்படியே நிற்கிறது. இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறாள் என்று மாறுவது பின்பாதிதான். ஸ்பானிய மொழியின் 'ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ' காலமும் இப்படித்தான் அமைகிறது. வரிசை மட்டும் தலைகீழ்: மாறும் பாதி முன்னால், மாறாத பாதி பின்னால்.

மாறும் பாதி 'அபேர்' என்ற துணைவினை.

[திரையில்: நான் – எ | நீ – அஸ் | அவன், அவள் – அ | நாங்கள் – எமோஸ் | நீங்கள் (பலர், ஸ்பெயினில்) – அபேய்ஸ் | அவர்கள் – அன்]

ஆறுக்கும் முன்னால் ஹெச் எழுத்து உண்டு, ஒலி கிடையாது. எழுதும்போது அதை விட்டால் 'அ' வேறு சொல்லாகிவிடும்.

மாறாத பாதிக்கு, 'ஆர்' என முடியும் வினையில் 'ஆதோ' போடுங்கள்: தொமார், தொமாதோ. 'ஏர்', 'ஈர்' என்றால் 'ஈதோ': கொமேர், கொமீதோ, சலீர், சலீதோ. 'அது' என்பதில் வரும் மென்மையான 'த' ஒலிதான் இங்கே. 'டோ' வேண்டாம்.

சில வினைகள் அடங்காது. மனப்பாடம்தான் வழி.

[திரையில்: செய்து – ஏச்சோ | சொல்லி – தீச்சோ | பார்த்து – பிஸ்தோ | எழுதி – எஸ்க்ரீத்தோ | வைத்து – புவெஸ்தோ | உடைத்து – ரோத்தோ]

பெண்ணைப் பற்றிப் பேசினாலும் கடைசி எழுத்து மாறாது. 'அனா அ கொமீதோ' என்பதே சரி. 'கொமீதா' என்றால் உணவு!

இரண்டு பாதிக்கும் நடுவே எதையும் நுழைக்காதீர்கள். 'இல்லை' என்பதும், 'அதை' என்பதும் முன்னால் போகும்: நோ எ கொமீதோ, சாப்பிடவில்லை. லோ எ பிஸ்தோ, அதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, தமிழர்கள் தடுக்கி விழும் இடம். 'பெருவுக்குப் போயிருக்கிறேன்' என்பது 'எ எஸ்தாதோ என் பெரு'. இதுவரை பொருத்தம். ஆனால் தமிழில் '2019-ல் பெருவுக்குப் போயிருக்கிறேன்' என்றும் சொல்கிறோம். ஸ்பானியத்தில் ஆண்டைச் சொன்னதும் காலம் மாற வேண்டும்: 'என் 2019 எஸ்தூபே என் பெரு'. ஈரத் தரையைப் பார்த்து 'மழை பெய்திருக்கிறது' என்பீர்கள். 'அ யொபீதோ', சரி. 'நேற்று' என்ற 'அயேர்' சேர்ந்தால் 'யொபியோ'. முடிந்துபோன நாளோ ஆண்டோ வாக்கியத்தில் இருந்தால் துணைவினையைத் தூக்கிவிடுங்கள்.

நேர்மாறான தவறும் உண்டு. காலையில் குடித்த காபியைத் தமிழில் 'குடித்தேன்' என்று முடித்துவிடுவோம். மாட்ரிட்டில் அதே நாளில் சொன்னால், 'எஸ்தா மஞானா எ தொமாதோ கஃபே'. அந்த நாள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். இந்த வாரம், இந்த ஆண்டு என்பவற்றுக்கும் அங்கே இதே கணக்கு.

மெக்சிகோவில் அதே காபிக்கு 'தொமே' என்ற எளிய இறந்தகாலமே வழக்கம். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கேனரித் தீவுகளிலும் அதையே அதிகம் கேட்பீர்கள். 'சாப்பிட்டாச்சா?' என்று மாட்ரிட்காரர் கேட்டால் 'யா அஸ் கொமீதோ?', மெக்சிகோக்காரர் கேட்டால் 'யா கொமிஸ்தே?'. இரண்டும் சரியான ஸ்பானியம். யாருடன் பேசப் போகிறீர்களோ, அவர்கள் ஊர் வழக்கில் பழகுங்கள்.