நகம் பதித்த பந்து

நண்பர்களே, பேஸ்பாலில் பந்து வீசுபவரைப் பிட்சர் என்பார்கள். அவருக்குச் சொத்தே முழங்கைதான். ஆர்.ஏ. டிக்கி என்ற டென்னசிக்காரருக்கு அந்த முழங்கையில் இருக்கவேண்டிய முக்கியமான தசைநார் ஒன்று இல்லவே இல்லை!

1996-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. 8,10,000 டாலர் தருவதாகப் பேச்சு. ஒரு பத்திரிகை அட்டைப் படத்தில் அவருடைய கை தொங்கும் விதம் சரியில்லையே என்று அணியில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. பரிசோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் கைக்கு வந்தது 75,000 டாலர்.

அப்புறம் பல வருஷம் சின்ன லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளுக்கும் பெரிய லீக் எனும் உச்சநிலைப் போட்டிகளுக்கும் நடுவே அலைந்தார். வேகமும் குறைந்துவிட்டது. 30 வயதில், இனி நக்கிள்பால் மட்டும் வீசு என்றார்கள் பயிற்சியாளர்கள்.

ஜாகீர் கான் வீசிய நக்கிள்பால் இங்கே பலருக்கு நினைவிருக்கும். விரல் நகங்களைப் பந்தில் பதித்து, சுழலவிடாமல் தள்ளவேண்டும். சுழற்சி இல்லாததால், தையலில் மோதும் காற்று பந்தை இஷ்டத்துக்கு அலைக்கழிக்கும். எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது. ஆனால் கொஞ்சம் சுழன்றுவிட்டால் அது வெறும் மெதுவான பந்து, மட்டையாளருக்குக் கொண்டாட்டம். 2006 ஏப்ரலில் டெட்ராய்ட் அணி டிக்கியின் பந்தில் ஆறு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தது. உடனே சின்ன லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிது. அந்தப் பந்தை வீசிப் பெயரெடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களைத் தேடிப் போனார் டிக்கி. சார்லி ஹஃப் பந்தைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினார். பில் நீக்ரோ இடுப்பின் அசைவைத் திருத்தினார். டிம் வேக்ஃபீல்ட் அப்போது எதிரணியான பாஸ்டனுக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அவரும் தன் பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நாளைக்குத் தன் அணியையே தோற்கடிக்கக்கூடியவருக்கு வித்தையைத் திறந்து கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

2012-ல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக அவர் கணக்கில் 20 வெற்றி, 230 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளரை அடிக்கவிடாமலே அவுட்டாக்குவது). 38 வயதில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நக்கிள்பால் பிட்சர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. அதே ஆண்டு ஜனவரியில், மும்பையில் பெண்கள் கடத்தப்படுவதற்கு எதிரான பணிக்கு நிதி திரட்ட அவர் கிளிமஞ்சாரோ மலை ஏறினார். காயம்பட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று அணி எச்சரித்திருந்தது. அப்படியும் ஏறினார்.

2017 வரை ஆடினார். மொத்தம் 120 வெற்றி. அதில் 98, 35 வயது முடிந்த பிறகு வந்தவை.