ஊரைக் கை தூக்க வைத்த குரல்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்த அனிமே ரசிகர்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘டிராகன் பால் இசட்’ என்ற ஜப்பானிய அனிமே கதையில் உலகைக் காத்தது நாயகன் கோகுவின் பலமா, மிஸ்டர் சாத்தானின் குரலா? குரலே என்று பேச வந்திருக்கிறேன். ஆங்கில டப்பிங்கில் ஹெர்க்யூல் என்று கேட்டு வளர்ந்தவர்களே, அதே மனிதர்தான். சுருட்டை முடி, பெரிய மீசை, முதுகில் பறக்கும் வெள்ளைத் துணி. உலகச் சாம்பியன்!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி பெரிய கைதட்டலோடு போனார். என்ன சொன்னார்? “கல்யாண வீட்டில் வேர்க்க விறுவிறுக்கச் சமைத்தவர் கோகு. சமையல்கட்டுப் பக்கமே போகாமல் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டவர் சாத்தான்” என்றார். நன்றாகத்தான் சொன்னார், நானும் சிரித்தேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

தம்பி, அந்தச் சமையலுக்கு அரிசி பருப்பு எங்கிருந்து வந்தது?

பூ (Buu) என்ற அரக்கனின் கதையில் கடைசிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். இடம் காயோஷின்கள் என்ற தெய்வங்களின் உலகம். எதிரே அந்தப் பூவின் கடைசி, கொடூர வடிவமான கிட் பூ. கோகு தன் சாய்யன் இனத்துப் பலத்தை ஏற்றி சூப்பர் சாய்யன் 3 என்ற நிலை வரை போய்ப் பார்த்துவிட்டான், முடியவில்லை. கூடச் சண்டை போட்ட வெஜிட்டா அடிவாங்கித் தரையில் கிடக்கிறான். பலம் அங்கேயே தீர்ந்துபோச்சு, நடுவர் அவர்களே! மிச்சம் இருந்தது கெங்கி டாமா என்ற சக்தி உருண்டை ஒன்றுதான். அது கோகுவின் சொந்தச் சக்தி கிடையாது. உயிருள்ளவர்கள் கையைத் தூக்கித் தங்கள் சக்தியைக் கொடுத்தால்தான் அந்த உருண்டை வளரும். யோசனை வெஜிட்டாவுடையது. நாமெக் கிரகத்தில் வரம் தரும் டிராகன் பொருங்காவிடம் கேட்டு, அழிந்துபோன பூமியையும் செத்துப்போன ஜனங்களையும் மீட்டாச்சு. இனி கேட்க வேண்டியதுதான் பாக்கி.

வெஜிட்டா கேட்டான். சாய்யன் இளவரசனுக்குக் கெஞ்சத் தெரியுமா? அதட்டினான். பூமியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யார் குரலோ, என்ன சூழ்ச்சியோ என்று சும்மா இருந்துவிட்டார்கள். கோகுவே கேட்டான். அதே கதைதான். தெரிந்தவர்கள், பழைய நண்பர்கள் கொடுத்தது போதவே இல்லை. அந்த ஊரை எத்தனை முறை காப்பாற்றியவன்! அவன் கேட்டு ஒரு கை தூக்க ஆளில்லை. அது அவன் குற்றமும் இல்லை. அவனை அந்த ஜனங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்போது ஒரு குரல் வந்தது பாருங்கள். மிஸ்டர் சாத்தான் கேட்கிறேன், எனக்காகக்கூட ஒரு கை தூக்க மாட்டீர்களா என்று ஒரே ஓர் அதட்டல். உலகம் முழுக்கக் கை மேலே போச்சு! ஊர் ஊராக, தெருத் தெருவாக, “சாத்தான்! சாத்தான்!” என்ற கோஷத்தோடு சக்தி பொங்கி வந்தது. உருண்டை வானத்தை அடைத்து நின்றது. கோகு என்ன சொன்னான்? நீதான் நிஜமாகவே உலகின் இரட்சகனோ என்னவோ என்று சொன்னான். எதிரணியினர் யாருக்காக வாதாடுகிறார்களோ அவனே எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டான்!

ஆக, தம்பி, சமைத்தவர் கோகுதான், ஒப்புக்கொள்கிறேன். வீடு வீடாக ஏறி இறங்கிப் படியரிசி வாங்கி வந்து கொட்டியவர் எங்கள் சாத்தான். உலை கொதித்தால் போதுமா? உள்ளே போட அரிசி வேண்டாமா? (நடுவர் அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்றே தெரிகிறது.)

அப்புறம் ‘பயந்தாங்கொள்ளி’ என்றார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

பூவுக்கு முன்னால், செல் என்ற வில்லன் நடத்திய செல் போட்டி. செல்லின் ஒரே அடியில் சாத்தான் மேடைக்கு வெளியே பறந்து போனார், உண்மை. கால் வழுக்கிவிட்டது என்று சமாளித்தார், அதுவும் உண்மை. ஆனால் அதே மைதானத்தில் கோகு என்ன செய்தான்? தோல்வியை ஒப்புக்கொண்டு, களைத்திருந்த செல்லுக்குத் தெம்பு தரும் சென்சு பயறு ஒன்றும் கொடுத்து, பெற்ற மகன் கோஹானை முன்னால் அனுப்பினான். எதிராளிக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையை அனுப்பிய தகப்பன்! கோபம் வந்தால்தான் கோஹானின் முழுப் பலம் வெளியே வரும்; அவனுக்கோ கோபம் வரவில்லை. சின்னச் செல்கள் ஏழு பேர் கோகுவையும் நண்பர்களையும் போட்டு அடிக்கிறார்கள். அப்போதும் வரவில்லை.

அங்கேதான் ஆண்ட்ராய்டு 16 என்ற இயந்திர மனிதனின் தலை வந்து விழுகிறது. உடம்பைச் செல் நொறுக்கிவிட்டான், வெறும் தலை. அந்தத் தலை பேசுகிறது. யாரிடம்? பக்கத்தில் இருந்த சாத்தானிடம். என்னைக் கோஹான் அருகே கொண்டு சேர்த்துவிடு என்கிறது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மறுபடி மெதுவாகச் சொல்கிறேன். அந்த மனிதருக்கு இப்போது எல்லாம் தெரியும். தன் பலம் இங்கே எடுபடாது என்று தெரியும். செல் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் தன் கதை முடிந்தது என்று தெரியும். முட்டி நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. பாறை மறைவு பக்கத்திலேயே இருக்கிறது. மாட்டேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? துண்டிக்கப்பட்ட ஒரு இயந்திரத் தலை சொன்னதற்காக வெளியே வந்தார்! இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தூக்கினார்! மொத்தப் பலத்தையும் போட்டு எறிந்தார்! அது கோஹானின் பக்கத்தில் போய் விழுந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நியாயத்துக்காகச் சண்டை போடுவது பாவம் இல்லை என்று 16 கோஹானிடம் சொன்னது. செல் அந்தத் தலையை மிதித்து நொறுக்கினான். கோஹானின் உள்ளே ஏதோ அறுந்தது. சூப்பர் சாய்யன் 2 ஆனான்! அந்த எறி இல்லாவிட்டால் அந்தப் பேச்சு இல்லை, அந்தக் கோபம் இல்லை, செல் செத்திருக்கவே மாட்டான். பயமே இல்லாதவன் முன்னே போவதில் என்ன இருக்கிறது? நடுங்கிக்கொண்டே போனாரே, அதை என்னவென்று சொல்வது?

நேரமணி ஒருமுறை அடித்துவிட்டது. இனி வாதம் வேண்டாம். மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

அகிரா டோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த 42 தொகுதிகளில் எனக்குப் பிடித்த காட்சியில் ஒரு குத்துகூட விழாது. கிட் பூவாக மாறுவதற்கு முன்னால், ஊர் ஊராக அழித்துக்கொண்டிருந்த பருத்த உடம்புக் குண்டு பூவின் வீட்டுக்குள் சாத்தான் போகிறார். அவனைக் கொல்லத்தான் போனார். விஷம் வைத்த சாக்லேட்டை ருசியாகச் சாப்பிட்டான். குண்டு வைத்த விளையாட்டுப் பெட்டி வெடித்தும் சிரித்தான். வேறு வழியில்லாமல் அங்கேயே தங்கிச் சமைத்துப் போட்டார். ஒருநாள் பூ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வருகிறான், இது என்னைப் பார்த்து ஓடவே இல்லை என்று. அதற்குக் காலில் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் ஓடவில்லை என்கிறார் சாத்தான். பூ காலைக் குணமாக்கி இறக்கி விடுகிறான். ஓடுவதற்குப் பதில் அது வாலை ஆட்டிக்கொண்டு அவனிடமே வருகிறது. பூவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் சாத்தான் கேட்கிறார்: நீ ஏன் ஆட்களைக் கொல்கிறாய்? மந்திரவாதிகள் பிபிடியும் பாபிடியும் கொல்லச் சொன்னார்கள், அதனால்தான் என்கிறான் பூ. அது தப்பு என்கிறார் இவர். சரி, இனி கொல்ல மாட்டேன் என்கிறான் அவன்.

இவ்வளவுதான் பேச்சு. அவனிடம் அதுவரை யாருமே அதைச் சொன்னதில்லை! பிறகு யாரோ இரண்டு பேர் துப்பாக்கியால் முதலில் நாயையும், அப்புறம் சாத்தானையும் சுட்டதால்தான் எல்லாம் மறுபடி கெட்டது. அப்படிக் கெட்டு, கிட் பூவாக மாறிய பிறகும், சாத்தானை அடிக்க வந்தவனால் அடிக்க முடியவில்லை. உள்ளே கிடந்த பழைய பூ தடுத்தான். கடைசியில் வெளியே துப்பப்பட்டதும் எழுந்து நின்று, சாத்தானுக்காகக் கிட் பூவோடு மோதினான்.

சண்டை முடிந்ததும் மிச்சம் இருந்த அந்தக் குண்டு பூவையும் கொன்றுவிடுவதுதான் நல்லது என்றான் வெஜிட்டா. அவன் பக்கமும் நியாயம் இருந்தது. சாத்தான் அழுது கெஞ்சினார். இவன் நல்லவன், விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒரே அடியில் அவரைத் தூசாக்கக் கூடியவர்கள். அவர்கள் முன்னால் நின்று ஒரு சிநேகிதனின் உயிரைக் கேட்டு வாங்கினார். பூவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து நடக்கும் போட்டிக்கும் இருவரும் சேர்ந்துதான் வருகிறார்கள்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பு அந்த மனிதருக்கே போகட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.