தடுப்பூசியே! நகரி பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நகரித் தாய்மார்களே, வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து பெண்களைப் பெரிதும் காப்பது பரிசோதனையா, தடுப்பூசியா என்பது தலைப்பு. "காலாகாலத்தில் பரிசோதனை செய்துகொண்டால் போதும்" என்றார் எதிரணி அண்ணன். அண்ணே, யார் போகிறார்கள்? என் பெரியம்மாவுக்குத் தீட்டு நின்று ஆறு வருஷம் கழித்து மறுபடி பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து புடவையை அலசி, கொல்லைக் கொடியில் போர்வைக்கு அடியில் காயப்போடுவார். இடுப்புவலி தாங்காமல் வாய் திறந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. அடுத்த தைப் பொங்கலுக்கு அவர் இல்லை.

இந்த நோய்க்கு வேர், உடலுறவு வழியாகத் தொற்றும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தப் புற்று வந்த நூறு பேரில் சுமார் 70 பேருக்கு அதைக் கொண்டுவருபவை அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளே. இரண்டையும் ஊசி மறிக்கிறது. ஆனால் உள்ளே வந்துவிட்ட வைரஸை அது விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள்.

"ஒழுக்கமாக வளரும் பெண்ணுக்கு இது எதற்கு?" என்று எதிரணி அக்கா கேட்டார். பெரியப்பாவைத் தவிர வேறு ஆணை அறியாதவர் என் பெரியம்மா. அக்கா, இந்த வைரஸ் ஒழுக்கம் பார்த்து வருவதில்லை.

எதிரணியினர் தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தைப் பேச்சில் இழுத்தார்கள். 2009-இல் அங்கே ஊசி போட்ட சிறுமிகள் சிலர் பிறகு இறந்தார்கள். விசாரித்த குழு, அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்றது. ஆனால் தாய் தகப்பனைக் கேட்காமல் விடுதி வார்டன்களிடம் கையெழுத்து வாங்கினார்களே, அது அநியாயம்தான். எங்களைக் கேட்டுப் போடு என்று சண்டை பிடிப்போம். போடவே கூடாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஸ்காட்லாந்தில் 2008-இல் பள்ளிகளில் தொடங்கினார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்று பரவும் நிலைக்கு வரவில்லை என்று 2024-இல் ஆய்வு வந்தது.

30 தாண்டிய தாய்மார்களுக்குப் பரிசோதனை வேண்டும், மறுக்கவில்லை. கை முறிந்தால் கட்டுப் போட இதோ பக்கத்தில் புத்தூர் இருக்கிறது. அதற்காகப் பிள்ளையைக் கைப்பிடியில்லாத மாடியில் விளையாட விடுவோமா?

போன மாதம் என் அண்ணன் மகளைக் கூட்டிப்போய்ப் போட்டு வந்தேன். ஆறாவது படிக்கிறாள். "கை வலிக்குது அத்தை" என்றாள் ராத்திரி. காலையில் அதே கையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.