சரக்குக் கிடங்காம்!

வணக்கம் உறவுகளே. இன்றைய காணொளிக்கு எரிச்சலே காரணம். நேற்றிரவு நான் பார்த்த போர் ஆவணப்படமொன்றில், உள்ளே இருப்பவர்கள் கூர்சீவி நட்ட மரங்களின் பின்னால் பதுங்கியிருக்க, வெளியிலிருந்து அம்புகள் பாய்ந்துகொண்டிருந்தன. அந்த மர அரணின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்டொக்கேட்’டுக்குத் (stockade) தமிழ் சப்டைட்டிலில் ‘சரக்குக் கிடங்கு’ என்று போட்டிருந்தார்கள். வெறும் ‘கிடங்கு’ என்றிருந்தாலாவது அகழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்று மன்னித்திருப்பேன்.

‘ஸ்டொக்’ என்ற ஒலியைக் கேட்டுச் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஆனால் ‘ஸ்டொக்கேட்’டுக்கும் சரக்குக்கும் தொடர்பே இல்லை. ஸ்பானிய மொழியின் ‘எஸ்தகாதா’ பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் அந்த வடிவம் பெற்றது. அதன் அடிச்சொல்லான ‘எஸ்தாக்கா’ என்பது நிலத்தில் அறையும் கூர்ங்கழி. ஏறக்குறைய வேலிக்கு நாம் நடும் கதியால், ஆனால் துளிர்க்காது.

கதியால் என்றதும் விலையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. புள்ளிமான்கள் என் செவ்வரத்தையை மொட்டையடித்ததை முன்பே பார்த்திருப்பீர்கள். அவை நுழைந்த வேலிப் பொட்டை, அதாவது இடைவெளியை, அடைக்கக் கதியால் ஒன்றுக்கு 200 ரூபாய் கேட்டவரிடம், வெயிலில் நின்று பேசிப் பேசி 160 ரூபாய்க்கு இறக்கியதோடு, கட்டுவதற்குக் கயிற்றையும் சும்மா வாங்கிக்கொண்டேன்! ரோமப் படைவீரர்களுக்கு இந்தப் பேரம் இருக்கவில்லை. பாசறைக்கு வேண்டிய கழிகளை அவர்களே சுமந்து சென்றார்கள். அக்கழிக்கு இலத்தீனில் ‘வல்லுஸ்’ என்று பெயர். கழிகள் நட்ட மண்ணரண் ‘வல்லும்’. மதிலைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘வோல்’ (wall) அதிலிருந்தே வந்தது. கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய நம் திருகோணமலைக் கோட்டையின் கல்மதிலைக்கூட ஆங்கிலத்தில் மரக்கழியின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று: கூர்மர வேலியைக் குறிக்கும் ‘பலிசேட்’ (palisade) என்ற ஆங்கிலச் சொல்லும் இதே இனம்தான். இலத்தீனின் ‘பாலுஸ்’, அதுவும் கழி.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பவர்கள் முல்லைப்பாட்டைத் திறந்து பார்க்கட்டும். படை காட்டுக்குள் புகுந்து, புதர்களை வெட்டி, வேடரின் சிற்றரணை அழித்து, காட்டு முள்ளையே சுற்றிலும் வளைத்துப் பாசறை அமைக்கிறது. அதைப் பாடிய நப்பூதனார் அதை ‘இடுமுட் புரிசை’, அதாவது முள்ளிட்ட மதில், என்கிறார். நம் ஊரில் கிளைகளும் குச்சிகளுமான அலம்பலை அடுக்கி வேலி அடைத்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது. ‘மரக்கோட்டை’ என்ற பெயர்ப்பு எனக்கு அறவே பிடிக்காது. முழுக் கோட்டையையும் மரத்தால் கட்டியதாக அது நினைக்க வைக்கிறது. முள்ளால் வளைத்ததை இடுமுட்புரிசை என்றும் கூர்மரங்களை நட்டதைக் கழியரண் என்றும் நான் எழுதுவேன்.